பீரங்கி மேடையில் எட்டு

"உலக வரலாற்றிலேயே வாக்கிங் போறவங்ககிட்ட தோத்த ஒரே கோட்டை நம்மூரு கோட்டைதான் மாமே." பூந்தமல்லியின் பழைய மதில்மேல் நின்று, துளியும் சிரிக்காமல் தமிழரசு தீர்ப்புச் சொல்கிறான். இன்றுதான் கோட்டையைப் பூங்காவாக்கித் திறந்திருக்கிறார்கள். விளக்குகள் ஒன்றாக எரிந்ததும் ஊரே ஓவென்று கத்துகிறது. செங்கல்லெல்லாம் மஞ்சள் பூசிக்கொள்கிறது. அகழியில் புல், புல்லில் உருளும் பிள்ளைகள். பீரங்கி நின்ற மேடையில் நடைப்பயிற்சிக்காக வெள்ளை பெயின்ட்டில் போட்ட பெரிய எட்டு. அதன்மேல் வெறுங்காலோடு ஜனம் வளைந்து வளைந்து நடக்கிறது. "சர்க்கரைக்குப் பயந்து ஓடுற எறும்பை இன்னைக்குதான் பாக்குறேன்," என்கிறான் தமிழரசு. "அதுல உன் ஆளும் கீது பார்," என்கிறான் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி எத்திராஜ். கிருஷ்ணப்பிரியா! மொட்டைமாடியில் அவள் எட்டு நடப்பதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தமிழரசு கிண்டலடித்ததிலிருந்து ஒரு மாதமாகப் பேச்சில்லை. இன்றைக்காவது அவளைப் பேச வைத்துவிட வேண்டும். படிகளில் தாவி இறங்கி எட்டுக்குள் நுழைகிறான். "நைனா, எதிர்ல வராத! செருப்பக் கழட்டு!" என்று நாலு குரல்கள் அதட்டுகின்றன. கோடுகள் வெட்டிக்கொள்ளும் நடுவில் அவள் எதிரே வந்துவிடுகிறாள். "பிரியா, சாரி..." "எட்டு நடக்கும்போது பேசக் கூடாது. முடிச்சிட்டுப் பேசு," என்று நிற்காமல் போகிறாள். பேசிவிட்டாள்! தமிழரசு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, வாயை இறுக மூடிக்கொண்டு, அவள் பின்னால் அடுத்த வளைவில் திரும்புகிறான்.