ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவர்

"மாப்பிள்ளை ஆறு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிட்டாருன்னு சொல்றேன்ல..."

"வீட்டுக்குக் கிளம்பினவரு கையை உங்க மெஷின் எப்படிண்ணா தின்னுச்சு?"

"மெதுவாப் பேசு. அந்தாளு எழுதிடப் போறாரு."

"எழுதட்டுமே. அதுக்குத்தானே உட்கார்ந்திருக்காரு!"

ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். காலையிலிருந்து படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலி. காயம் எங்கே பட்டது, எத்தனை மணிக்கு.

வேலை செய்த இடத்தில் என்று அவள் சொன்னால் வைத்தியம் கம்பெனி தலையில். வேலை முடிந்த பிறகு என்று சொன்னால் அவள் தலையில்.

அவளோடு மல்லுக்கு நின்றவன் கூடப் பிறந்த அண்ணன். டப்பா மூடி வெட்டும் அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கை புருஷனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆறு மணிக்குப் பதிவேடு ஒவ்வொரு மெஷினாக வரும். வீட்டுக்குப் போய்விட்டதாக எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். போட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒன்பது மணி வரை. அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலியும் கிடையாது, கேள்வியும் கிடையாது.

"ஆறு மணிக்கு மேல நாங்கல்லாம் பேய்டி. வீட்டுக்குப் போனவன் அங்க நின்னு மூடி வெட்டுறான்னா, வேற என்ன பேரு அதுக்கு?" என்று சாப்பிடும்போது புருஷன் சிரிப்பான்.

நேற்றுக் காலையில் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு நான் கையெழுத்துப் போடப்போறதில்ல. வேலை முடியட்டும், அப்புறம் போடுறேன்." செருப்பை மாட்டிக்கொண்டே இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ராத்திரி ஏழரை மணிக்கு வெட்டும் மெஷின் அவன் வலது கைமேல் இறங்கியது.

அவன் இன்னும் கண் திறக்கவில்லை. விடிந்ததும் வார்டில் ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்தாள். மிஞ்சியிருந்த இடது கையைத் துடைத்தாள். கட்டைவிரலில் இருந்த ஊதாக் கறை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மூடிக்கு அடிக்கிற சாயமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அவரு போடலண்ணா. போடமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்தாரு."

"என் கண்ணு முன்னாடிதான் போட்டாரும்மா. நீ இங்க மாத்திச் சொன்னா மொதல்ல போறது என் வேலை. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. இந்தா, நீயே பாரு."

பையிலிருந்து பதிவேட்டை உருவி அவள் மடியில் விரித்தான்.

"மணியைப் பாரு. ஆறு. போட்டிருக்கா?"

போட்டிருந்தது. அதற்கு முந்தைய நாட்களெல்லாம் ஆறு, ஆறு, ஆறு. ஒவ்வொரு ஆறுக்கும் பக்கத்தில் புருஷனின் கையெழுத்து. நீண்ட வால் வைத்தது. மதிப்பெண் அட்டையில் டீச்சர் கையெழுத்தின் மேலேயே போய் ஏறுகிறதென்று மகள் சண்டை பிடிப்பாளே, அதே வால்.

நேற்றைய ஆறுக்குப் பக்கத்தில் அண்ணனின் உள்ளங்கை இருந்தது. அவன் எடுக்கவில்லை.

அவள் எடுத்தாள்.

கையெழுத்து இல்லை. ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. ஒரு பக்கமாக வழுக்கி இழுத்துக்கொண்டு போயிருந்தது, விரல் தானாக நிற்காததுபோல.

தன் பிடியில் இருந்த அண்ணன் கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் அதே ஊதா.

"என்னம்மா, எழுதலாமா?" என்றார் எழுத்தர்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இதை வெச்சப்போ அவருக்கு நெனவு இருந்ததாண்ணா?"