கேமராவுக்கு வெள்ளை காட்டுதல்

பத்து நிமிடத்துக்குள் குடலுக்கு நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வயிற்றைத் திறந்து, செத்த பகுதியை வெட்டி எடுக்க வேண்டும்.

ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் நான்கு பேரும் மானிட்டரைப் பார்த்தபடி நின்றார்கள்.

மேசையில் மயங்கிக் கிடந்தவன் வேன் டிரைவர். வயிற்றுக்குள் தானாக வளர்ந்த ஒரு சதை நார் அவன் குடலைச் சுருக்குப் போட்டு இறுக்கியிருந்தது. பெரிய டாக்டர் சிறு துளை வழியாகவே நாரை அறுத்துவிட்டு, கருத்துப்போன குடலின் மேல் வெதுவெதுப்பான ஈரத் துணியைப் போட்டுக் காத்திருந்தார். கேமராவைப் பிடித்திருந்தவன் அவருடைய மருமகன். படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் வந்த சின்ன டாக்டர்.

"கை ஆடுது மாப்பிள்ளை! மாமனார் பக்கத்துல நின்னா எல்லாருக்கும் இப்படித்தான்," என்றார் மயக்க டாக்டர்.

மாஸ்க்குகளுக்குள் சிரிப்பு அசைந்தது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் கண் குடலைப் பிடித்திருந்த இடுக்கியில் இருந்தது.

எஃகு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

எஃகு ஒருநாளும் சிவக்காது.

அவள் கேமராப் பெட்டியின் பொத்தானைப் பார்த்தாள்.

ஈரத் துணியைப் போட்ட சற்று நேரத்தில் பழைய லென்ஸில் பனி படர்ந்திருந்தது. ஈரம் உள்ளேயே இறங்கிவிட்டதால் துடைத்தும் போகவில்லை. வேறு லென்ஸ் மாட்டினார்கள். லென்ஸை மாற்றினால் கேமராவுக்கு வெள்ளை காட்ட வேண்டும். வெள்ளைத் துணிக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், இதுதான் வெள்ளை என்று அது தெரிந்துகொள்ளும். மற்ற நிறங்களை அதை வைத்துத்தான் காட்டும்.

அவள் துணியை எடுக்கத் திரும்புவதற்குள் பெரிய டாக்டர் அதட்டினார். "சீக்கிரம்மா, இங்க என்ன பாஸ்போர்ட் போட்டோவா எடுக்கறோம்?"

பதறிப்போய்ப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

மருமகன் கையிலிருந்த லென்ஸ் அந்த நேரம் நோயாளியின் மேல் விரித்திருந்த பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சையை வெள்ளை என்று நம்பிவிட்ட கேமரா, எல்லாவற்றிலும் பச்சையைக் குறைத்துச் சிவப்பைத் தூக்கிக் காட்டும். செத்த குடலும் பிழைத்த மாதிரி தெரியும்.

பத்து நிமிடம் முடிந்தது. பெரிய டாக்டர் இரத்தம் ஊறிய ஈரத் துணியை விலக்கினார். குடல் ரோஜா நிறத்தில் கிடந்தது.

"ஆஹா," என்றார்.

"சார்..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் ஆரம்பித்தாள். "மானிட்டர் கொஞ்சம் செவப்பா காட்டுற மாதிரி இருக்கு சார்."

"ரெண்டு வருஷமா அப்படித்தானே காட்டுது. புதுசு கேட்டு எழுதி எழுதி கை ஓய்ஞ்சுது. எனக்குக் கண்ணு பழகிடுச்சும்மா, நானே கழிச்சுப் பாத்துக்குவேன்."

பாதி உண்மை வெளியே வந்து வீணாய்ப் போயிற்று. மீதி, பச்சைக்கு நேரே பொத்தானை அழுத்தியது தான்தான் என்பது, வெளியே வரவில்லை. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவள். மூன்றாவதற்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி, அவன் செருப்பைப் பாலிதீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்ததை இவள் காலையில் பார்த்திருந்தாள். செத்த குடலை உள்ளே விட்டு மூடினால் இரண்டு நாளில் அழுகிவிடும்.

"மூடிடலாம். ரெக்கார்டிங்கை எடுத்து வைம்மா, அவன் சம்சாரத்துக்கு நானே காட்டறேன். பயந்துபோய் உக்காந்திருக்கு பாவம்," என்றார் பெரிய டாக்டர். கண்ணை மானிட்டரிலிருந்து எடுக்கவில்லை.

மருமகன் கேமராவை வெளியே இழுத்தான். விளக்கு அணையவில்லை. மானிட்டரில் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. கொழுப்பு, துளையின் விளிம்பு, பிறகு தியேட்டரின் வெளிச்சம்.

அவளுக்கு மூச்சு வந்தது.

ஒரு முழம் தள்ளித் தட்டில் புதுத் துணிகள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. லென்ஸ் அவற்றைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மானிட்டரில் அந்த வெள்ளை இவ்வளவு சிவப்பாக விழுந்தால் பெரிய டாக்டரே பார்த்துவிடுவார். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

லென்ஸ் தட்டை நெருங்கியது.

மருமகன் இடது கையால் லென்ஸின் முனையைப் பொத்தினான்.

மானிட்டர் செக்கச் செவேலென்று ஆனது; வலது கைக் கட்டைவிரலால் கேமராவை அணைத்தான்.

மாஸ்க்குக்கு மேலே அவன் கண்கள் மாமனாரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தன. பொத்தானை அழுத்தியபோது லென்ஸ் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அவனுக்கும் தெரியும்.

"நூல்," என்று கையை நீட்டினார் பெரிய டாக்டர்.

அவள் தையல் நூல் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள்.