ஊமையன் எடுத்த படம்

"நாங்க விசாரிக்கிற ரூமை அப்படியே படத்துல எடுத்து வச்சிருக்கான்! சுவத்துல ஓதம் ஏறின இடம்கூட மாறலை."

விசாரணை அதிகாரி லேப்டாப்பை முறைத்தார். மனைவி அவருடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருங்க, அந்த ஊமையனா?"

"வேற யாரு?"

பேர் தெரியாத ஆளுக்கு ஊர் வைத்த பேர் அது. அரசுக்கு எதிரான அவன் படங்கள் பல வருடங்களாகத் திருட்டுத்தனமாக வந்துகொண்டிருந்தன. பூட்டிய கிடங்குகளிலும் காலிக் கடைகளிலும் போட்டுக் காட்டினார்கள். குரலை வைத்து யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று எந்தப் படத்திலும் பேச்சே கிடையாது. நேற்று பாதிப் படத்தில் போலீஸ் புகுந்தது. படம் சிக்கியது. ஆள் கம்பி நீட்டியாயிற்று.

"போன வருஷம் இவன்தான் ஊமையன்னு ஒரு பையனைத் தூக்கினோம். ஆனா படம் வர்றது நிக்கலை."

"அந்தப் பையன்?"

"அதை விடு. ரூம் சாவி என்கிட்டயும் டிரைவர்கிட்டயும்தான் இருக்கு. விஷயத்தை வெளியே விட்டது யாருன்னு நாளைக்கு மேலிடத்துல கேப்பாங்க. ஒண்ணு அவன் தலை, இல்லேன்னா என் தலை."

"பாவங்க, பிள்ளகுட்டிக்காரர்."

"எனக்கு மட்டும் ரெண்டு தலையா இருக்கு?"

திரையில் ஓர் இளைஞன் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தான். கண்ணாலேயே தண்ணீர் கேட்டான். பிறகு தலை தொங்கிப்போயிற்று. அதிகாரி திரையை நோக்கிக் குனிந்தார். அந்த ரூமில் நடந்தது அதேதான்.

திரை இருண்டு, ஒரு படுக்கை தெரிந்தது. மத்தியான வெயிலில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். கேமரா மெல்லத் தலையணைக்குப் பக்கத்தில் போனது. ஊமையன் படத்தில் முதன்முறையாக ஒரு குரல் கேட்டது. பெண் குரல்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று அது கிசுகிசுத்தது.

தூங்கியவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். அது அதிகாரியின் குரல்.

"எந்திரிடா மச்சான்... உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?"

அவர் திரும்பிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தது. மனைவி கேமராவைக் கண்ணில் வைத்திருந்தாள்.

"இப்ப முழிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க? சொல்லுங்க."