தம்புரா நின்ற நேரம்

திருவிடந்தைக் கடற்கரையை ஒட்டிய அரங்கில், எம்.ஏ. இசை மாணவி ஹெலன் தன் இறுதித் தேர்வுக் கச்சேரியைப் பாடிக்கொண்டிருக்கிறாள். மேடைக்கு ஒரே ஒரு போன்தான் கொண்டுவரலாம், அதுவும் தம்புரா சுருதி தரும் செயலிக்காக. "என் போன எட்துக்கினு போடி, உன்னுத நான் வெச்சிருக்கேன்" என்று தோழி ஷபானா வாசலில் கெஞ்சியும், ஹெலன் தன்னுடையதையே மடியருகே வைத்திருக்கிறாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அம்மா செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடக்கிறாள். "நீ போய்ப் பாடு. எதுனா ஆச்சுன்னாதான் கூப்புடுவேன்" என்று காலையில் அண்ணன் ஜெபக்குமார் அவளை பஸ் ஏற்றிவிட்டான். சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் மத்தியான வெயில் ஜமுக்காளத்தில் பட்டையாக விழுந்திருக்கிறது. மேல் ஷட்ஜத்தைப் பிடித்து அவள் நிற்கும்போது தம்புரா சட்டென்று நின்றுபோகிறது. மணியோசையை அணைத்து வைத்திருந்த போன் அந்த வெயிலில் அதிர்ந்து மெல்ல நகர்கிறது. திரையில் அண்ணன் பெயர். மிருதங்கக்காரரின் கை அந்தரத்தில் நிற்கிறது. தேர்வாளர் முன்னால் சாய்ந்து, "பரவால்லம்மா, சுருதி இல்லாமயே நில்லுங்க, கேக்கறோம்" என்கிறார். அவள் நிற்கிறாள். தொடையில் தாளம் போட்ட கை எப்போதோ ஓய்ந்துவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை. அதிர்வு அடங்குகிறது. தம்புரா தானாக மறுபடி எழுந்து அவள் குரலோடு இம்மியும் பிசகாமல் சேர, அரங்கம் கைதட்டுகிறது. தேர்வாளர் தலையாட்டியபடி மதிப்பெண் எழுதுகிறார். ஹெலன் போனையே பார்க்கிறாள். அண்ணன் மறுபடி கூப்பிடவில்லை.