சிஸ்டரின் கனிவு

ரெஜினா சிஸ்டரின் வாய்க்கு அந்த வார்டே நடுங்கும். புதுக் கருவி வந்த பிறகு எல்லோரும் அவள் கனிவுக்குத்தான் அதிகம் பயந்தார்கள். ஒவ்வொருவர் விரலிலும் மாட்டியிருந்த கிளிப்பை வைத்துக் கணக்குப் போட்டு, யாருக்கு உடம்பு மோசமாகப் போகிறதென்று அது அவள் மேசைத் திரையில் முன்கூட்டியே காட்டிவிடும். நோயாளிகளுக்குத் திரை தெரியாது; அவள் முகம் தெரியும். முந்தின வாரம் ஜன்னலோரக் கட்டில்காரிக்கு அவள் தலை வாரிவிட்டாள். மறுநாள் அந்தக் கட்டில் காலி.

அன்று மாலை திரையைப் பார்த்துவிட்டு எழுந்தவள் நேரே செங்கமலத்திடம் வந்தாள். எப்போதும் "ஏய், நாலாங்கட்டில்" என்றுதான் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

செங்கமலம் தன் விரல் கிளிப்பைப் பார்த்தாள். நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்?"

"இருக்கு, இருக்கு." சிஸ்டர் போர்வையை இழுத்துவிட்டாள்.

செங்கமலம் கஞ்சித் தம்ளரை எடுத்து, வேண்டுமென்றே அந்த வெள்ளைப் புடவையின் மேல் கொட்டினாள். "திட்டுங்க சிஸ்டர்!"



ரெஜினா சிஸ்டர் குனிந்து, செங்கமலத்தின் விரல்களில் வழிந்த கஞ்சியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"கையில சுட்டுடுச்சா தாயி?"