மாற்றிக் கட்டிய பட்டை

ஈப்போவில் நடந்த எடைக்குறைப்பு ஆய்வில், குலுக்கலில் ரோஸ்னாவுக்கு வேக ஓட்டம் விழுந்தது. அவள் கணவன் ஹில்மிக்கு மெதுநடை.

மூன்றாம் மாத எடையைப் பார்த்ததும் பயிற்சியாளர் சுரயா ரோஸ்னாவிடம் ஓடிவந்தாள்.

"என்னக்கா இது? தெனமும் ஓடுனதா கைப்பட்டை காட்டுது. எடை மூணு கிலோ ஏறியிருக்கு! சும்மா நடந்த அண்ணன் ஏழு கிலோ எளைச்சிருக்காரு. ஒடம்புல ஏதும் கோளாறா? பயமா இருக்குக்கா, டாக்டரைக் கூப்பிடறேன்."

"வேணாம்மா," என்றான் ஹில்மி. "ரெண்டு மாசமா பட்டையை மாத்திக் கட்டியிருக்கோம். அவளுக்காக ஓடுனது நான்தான்."

"அடப்பாவி அண்ணே! ஆய்வே பாழாப்போச்சே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ரோஸ்னா மெல்ல வயிற்றைத் தடவினாள்.

"பதினோரு வருசம் காத்திருந்தது, தங்கச்சி. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதே. நேத்துதான் முடிஞ்சுது."