டம்ளரில் இறங்கும் வெள்ளை இழை

நாற்றுப் பண்ணையின் ஜன்னலோரம், காலை வெயிலில், இரண்டு கண்ணாடி டம்ளர்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் புதிதாக வெட்டிய ஒரு தக்காளித் தண்டு, வெட்டுவாய் மட்டும் தண்ணீரைத் தொடும்படி. இரண்டுமே இடுப்புயரத்தோடு நின்று, ஒரே மூச்சில் காய்த்து ஓயும் ரகங்கள்; வாடல் நோய் கண்ட பாத்தியில் வேண்டுமென்றே நட்டு வளர்த்தவை. இந்த நோயைத் தாங்குகிற ரகம்தான் நாளை குடும்பப் பெயரைச் சுமந்து விற்பனைக்குப் போகும். அண்ணி முதுகு வளையாமல் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறாள். கொழுந்தன் தன் ரகத்தின் பெரிய பழத்தை உள்ளங்கையில் உருட்டுகிறான். "அழகைப் பாருங்க அண்ணி, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு." "மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள்ள என்ன சீக்குன்னு பாக்க வேணாமா தம்பி?" அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் ரகத்தின் தண்டிலிருந்து பால்போல ஒரு வெள்ளை இழை நெளிந்து இறங்குகிறது. நோய் உள்ளே புகுந்துவிட்டது. சின்னப் பழம் காய்க்கும் அவளுடைய ரகத்தின் டம்ளரில் தண்ணீர் கலங்கவே இல்லை. அவன் குரல் இறங்குகிறது. "இவ்வளவு சின்னப் பழமான்னு சிரிப்பாங்களே அண்ணி." அவள் கலங்கிய டம்ளரை ஜன்னலிலிருந்து எடுக்கிறாள். "வாங்கும்போது சிரிச்சுட்டுப் போகட்டும். நம்ம வீட்டு நாத்தை நட்டுட்டு யாரும் அழக் கூடாது."